விளிம்புத் துணி

அதை மடியில் வைத்துக்கொண்டு வராதீர்கள் தங்கச்சி. மேலே பலகையில் போட்டுவிடுங்கள். கிள்ளான் வரைக்கும் இதே பஸ்தானே, யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். எங்கே வாங்கினீர்கள்? ஈயம் தோண்டின லம்பத்துப் பொருட்காட்சியிலா? சுவரில் மாட்டப் போகிறீர்களா. மாட்டுங்கள். இப்போது எல்லாரும் மாட்டுகிறார்கள். தட்டுப்போல வட்டமான மூங்கில் பின்னல், ஓரம் பூராவும் சுருக்கு வைத்துத் தைத்த கறுப்புத் துணி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அது பக்கத்தில் இருந்தால் ஆகாது.

பயமில்லை. எனக்கு என்ன பயம். கோபம்.

நடுவில் ஓட்டை இருக்கிறதே, எதற்கு என்று விற்றவன் சொன்னானா? கொண்டைக்கு. ஹக்காச் சீனத்திகள் தலையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதற்குமேல் தொப்பியை வைத்து, நாடாவால் கட்டிக்கொள்வார்கள். உங்கள் தொப்பியில் நாடா இல்லை, கவனித்தீர்களா. ஏமாற்றிவிட்டான். நாடாதான் முக்கியம். விரல் அகலத்துக்கு வண்ண நூலில் அவர்களே நெய்துகொள்வார்கள். துணி வெயிலுக்கு. முகத்தைச் சுற்றித் தொங்கும். உள்ளே இருக்கிறவளுக்கு நம்மைத் தெரியும், நமக்கு அவளைத் தெரியாது. தொப்பியை மட்டும் பார்த்தால் தார்ச் சடக்கில் போகிற அத்தனை பேரும் ஒரே ஆள். நாடாவைப் பார்த்துத்தான் இவள் இன்னாள் என்று சொல்ல வேண்டும்.

நான் சத்தமாகப் பேசினால் சொல்லுங்கள். காது மந்தம். குரல் தானாக ஏறிவிடுகிறது.

கம்பார்ப் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துத் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். தோட்டம் இப்போது இல்லை. மாரியம்மன் கோயில் நிற்கிறது, சுற்றிலும் செம்பனை. வருடத்துக்கு ஒருமுறை பழைய ஆட்கள் கூடுவார்கள். நான் அங்கே ஆயா. விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போகிற பொம்பிளைகள் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நேற்று அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் கால் கழுவிவிட்டிருக்கிறேன். ஒருவர் எழுந்து நாற்காலி தரவில்லை. அங்கே பால்மரம் வெட்டிய ரெங்கத்தின் மகள், அவளே பேத்தி எடுத்தவள், என் காதுபடத் தன் பேத்தியிடம் சொல்கிறாள்: "இந்தா, இந்த எடத்துலதான் ஆயாக் கொட்டகை இருந்துச்சு. இங்கதான் அந்தச் சீனத்தி குனிஞ்ச தல நிமிராம உக்காந்திருந்தா. பாவம்."

பாவமாம். பிள்ளையை வளர்த்தவள் பக்கத்தில் நிற்கிறேன். வந்து உட்கார்ந்தவள் பாவமாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. பகலெல்லாம் இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தாயோடு போய்விடும். போகிறபோது ஒன்றாவது திரும்பிப் பார்க்குமா என்று நிற்பேன். பார்க்காது. என் வீட்டுக்காரர் பக்கிரி, பால் கொட்டகையில் வேலை, வாய் பேசாத மனுசன். அவரிடம் சொல்லி அழவும் முடியாது.

தோட்டத்து முனையில் ஆ சோங் கடை. சீனன்தான், ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். "என்னா ஆயா, பருப்பு வேணுமா, ஊர்ப்பேச்சு வேணுமா? ரெண்டும் புதுசா வந்திருக்கு" என்பான். அவன்தான் ஒருநாள் அந்தச் சேதியைச் சொன்னான். சடக்குக்கு அந்தப் பக்கம், சீனர்கள் குடியிருக்கிற கம்போங் பாருவில் ஒரு ஹக்காக் குடும்பம். புருஷன் லம்பத்தில் மண் சரிந்து போய்விட்டான். அவன் போன மாதமே பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. அப்பனைத் தின்றுவிட்டுப் பிறந்தது என்று அவன் தாய்க் கிழவி வீட்டில் வைக்க மாட்டேன் என்கிறாளாம்.

"வேற ஜனங்க வீட்டுக்குப் போயிட்டா தோசம் திரும்பி வராதுங்குது மாமியாக் கெழவி. தமிழாளுங்கன்னா ரொம்ப நல்லதாம்" என்றான் ஆ சோங்.

"நாங்க தோசத்த வாங்கிக்கிறதா?"

"ஒங்களத் தோசம் என்னா பண்ணும் ஆயா. அதுதான் ஒங்களப் பாத்துப் பயப்படணும்."

அப்படித்தான் பேசுவான். கெட்டவன் இல்லை.

அவள் வந்தாள். யூன் மோய் என்று பெயர். முதுகில் பிள்ளை, தலையில் தொப்பி. என் வாசலில் தொப்பியைக் கழற்றினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முதுகிலிருந்து பிள்ளையை இறக்கினாள். அதன் முகத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒன்று. சாடை என்று சொல்வார்களே, அப்படி இல்லை. ஒரே முகத்தைச் சின்னதாகவும் பெரியதாகவும் வைத்ததுபோல. மோவாயில் பள்ளம்கூட அதே இடத்தில். அப்போதே எனக்குள் கணக்கு ஓடிவிட்டது. சீனப் பிள்ளை என்று ஊருக்குத் தெரியும், பிள்ளைக்கும் ஒருநாள் தெரியும், அது போகட்டும். பெற்றவள் செத்துவிட்டாள் என்று சொல்லி வளர்க்கலாம். ஆனால் இந்த முகத்தை அந்தப் பிள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும். நான் என்ன சொல்லியும் பிரயோசனம் இல்லை.

நேரே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூடம் ஏற்றினேன். ஆ சோங்கை மொழிபெயர்க்கச் சொன்னேன்.

"பிள்ள ஒம் மூஞ்சியப் பாக்கக் கூடாது. என்னைக்கும். பாத்தா பிள்ளைக்குக் கண்ணு போயிடும். சொல்லு அவகிட்ட."

"கண்ணு சமாச்சாரம் எதுக்கு ஆயா?"

"நீ சொல்லு."

சொன்னான். கண் விஷயம் நானாகச் சேர்த்ததுதான். அம்மன் அப்படியெல்லாம் கேட்பதில்லை. ஆனால் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஒரு தாய் மீறுவாள். உனக்குக் கெடுதல் வரும் என்றால் வரட்டும் என்று விட்டுவிடுவாள். எனக்குத் தெரியாதா, நானும் தாய்தானே.

சூடத்தைக் கையால் தட்டி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். நம் வழக்கம் அவளுக்குத் தெரியாது. உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அப்படியே அழுத்திக்கொண்டாள். எடு எடு என்று ஆ சோங் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது. கிளம்பும்போது தொப்பியைப் போட்டாள், நாடாவைக் கட்டினாள். சிவப்பில் பச்சைக் கட்டம். என் கண்ணுக்கு நேரே நின்று கட்டினாள். அதனால்தான் ஞாபகம்.

பிள்ளைக்கு மாரிக்கண்ணு என்று பெயர் வைத்தேன்.

நான் செய்த தப்பு ஒன்றுதான். முகத்தைக் காட்டாதே என்று சத்தியம் வாங்கினேனே தவிர, வராதே என்று வாங்கவில்லை. தோன்றவில்லை. பிள்ளை கைக்கு வந்த சந்தோஷம்.

மாரிக்கண்ணு தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயம். காலையில் சீனத்திகள் கூட்டமாகக் கொட்டகை வழியாக ஆற்றுக்குப் போவார்கள். இடுப்பில் துலாங் தட்டு. ஆற்றில் இறங்கி, முதுகு ஒடியக் குனிந்து, மணலை அரித்து ஈயம் எடுக்கிற வேலை. எல்லாரும் தொப்பி, எல்லாருக்கும் துணி. அவர்களில் ஒரு தொப்பி எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் மெதுவாகும். நாலைந்து நாள் கவனித்தேன். பிறகு நாடாவைப் பார்த்தேன். சிவப்பில் பச்சைக் கட்டம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இது ஏமாற்று இல்லையா? தொப்பி வெயிலுக்கு என்று போட்டது. அவள் அதை இதற்குப் போட்டுக்கொண்டாள். விடியலில் என்ன வெயில்.

ஆ சோங்கிடம் போய்ச் சொன்னேன். "அவ சத்தியத்த மீறுறா."

"மூஞ்சியக் காட்டுனாளா?"

"காட்டல."

"பேசுனாளா?"

"பேசக் கூடாதுன்னு நான் எங்க சொன்னேன். பேசவும் இல்ல."

"அப்ப என்னா மீறுனா? சடக்கு கவுருமெண்டு சடக்கு ஆயா."

வரவரக் கூட்டத்தை முன்னே போகவிட்டுத் தனியாக வருவாள். மதகுக் கட்டையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவாள். ஒருபிடி பயற்றங்காய், ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நான் தொடமாட்டேன். மற்ற பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்துவிடுவேன். மாரிக்கண்ணு தொப்பி தொப்பி என்று ஓடும். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்துவாள். பிள்ளைக்குத் துணியைத் தூக்கிப் பார்க்க ஆசை. எந்தப் பிள்ளைக்குத்தான் இருக்காது. அவள் என்ன செய்வாள் தெரியுமா, துணியை உள்ளேயிருந்து பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வாள். இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருக்கும், அதனால். எழுந்து போகும்போது பார்த்தால் துணியில் வாய் இருந்த இடம் ஈரமாக இருக்கும்.

எனக்கு அந்த ஈரத்தைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கும்.

பிள்ளை வீட்டில் என் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு விளையாட ஆரம்பித்தாள். நான் கூப்பிட்டால் துணிக்கு உள்ளே இருந்து சிரிப்பாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன், அந்தத் தொப்பிக்குள்ளே மூஞ்சியே கிடையாது என்று.

மாரிக்கண்ணு கேட்டாள். "மூஞ்சி இல்லன்னா எப்படிம்மா சோறு திம்பா?"

"சோறு திங்க மாட்டா. பிள்ளைங்க மூஞ்சிய எடுத்து ஒட்டிக்குவா. அதுக்குத்தான் தெனம் வந்து பாக்குறா, எது நல்லாருக்குன்னு."

சும்மா ஒரு பேச்சு. பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் போகாதே என்று சொல்ல மாட்டோமா, அதுபோல. ஆனால் நன்றாக வேலை செய்தது. மறுநாளிலிருந்து தொப்பியைக் கண்டதும் கொட்டகை பூராவும் அலறல். மாரிக்கண்ணுதான் முதலில் ஓடிவந்து என் சேலைக்குள் புகுந்துகொள்ளும். என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்கும். பொய் சொல்வானேன், அது எனக்கு நன்றாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை என்னை அப்படிப் பிடித்ததில்லை.

அவளாக நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சடக்கின் அந்தப் பக்க ஓரமாகப் போனாள், அவ்வளவுதான்.

பயம் எவ்வளவு நாள் இருக்கும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தன. எறிய ஆரம்பித்தன. எறியச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை தங்கச்சி, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட என்று ஒரு கூடை பால்மரக் கொட்டை பொறுக்கி வைத்திருந்தேன். அந்தக் கூடையை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன், அது ஒன்றுதான் நான் செய்தது. கொட்டை நல்ல கெட்டி. மூங்கிலில் பட்டால் டக் டக்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. மாரிக்கண்ணுக்குக் குறி நன்றாக வரும். அவள் எறிந்தால் மற்றதெல்லாம் கைதட்டும்.

அவள் வேகமாகப் போக மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல். எறிகிறார்கள், ஓட வேண்டியதுதானே. இன்னும் மெதுவாக நடப்பாள்.

அப்புறம் அந்த நாள். ரெங்கத்தின் மகள் பாவம் என்றாளே, அந்த நாள். ரெங்கம் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தாள். கொட்டை தீர்ந்துபோய்விட்டது போலிருக்கிறது. மாரிக்கண்ணு சடக்கு ஜல்லி ஒன்றை எடுத்து எறிந்தாள். குறிதான் நன்றாக வருமே. தொப்பி விளிம்புக்குக் கீழே பட்டது. துணிக்கு அடியில் கழுத்து வழியாக ரத்தம் வந்தது. அடிபட்டால் யாரும் அடிபட்ட இடத்தைப் பிடிப்பார்கள். அவள் துணியைப் பிடித்தாள். துணி விலகிவிடக் கூடாதாம். தட்டு கை நழுவி விழுந்தது. அதைப் பிடிக்கக் குனிந்ததில் நாடா அவிழ்ந்து, தொப்பி சடக்கில் உருண்டு கொட்டகைப் பக்கம் வந்துவிட்டது.

அவள் நின்ற இடத்திலேயே குந்தினாள். முகத்தை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்து, தலையைக் கையால் மூடிக்கொண்டாள். கொண்டை மட்டும் தெரிந்தது.

பிள்ளைகள் பயந்து ஓடிவிட்டன. மாரிக்கண்ணு ஓடவில்லை. போய்த் தொப்பியை எடுத்தாள். நடு ஓட்டையில் கண்ணை வைத்து, "அம்மா, இதுல ஓட்டை இருக்கு" என்றாள். அப்படியே திரும்பி ஓட்டை வழியாக அவளைப் பார்த்தாள். ஆனால் அவள் நிமிரவில்லை.

மாரிக்கண்ணு பக்கத்தில் போய்க் குந்தினாள். "மூஞ்சியக் காட்டு" என்றாள். எங்கள் தோட்டத்துத் தமிழில் கேட்டால் அவளுக்கு என்ன புரியும். "இல்லியா? நெசமா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் இன்னும் சுருண்டுகொண்டாள்.

ரெங்கம் சொன்னாள். "ஆயா, பிள்ளைய உள்ள கூப்பிடு. அவ எந்திரிச்சுப் போவட்டும்."

"வெளையாடுது. வெளையாடட்டும்."

"ரத்தம் வருது ஆயா."

"நானா எறிஞ்சேன்?"

"ஒன்னைய மாதிரி ஒரு பொம்பளைய நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். காய்ச்சல்காரி. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பிள்ளையைக் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? சடக்கு கவுருமெண்டு சடக்கு என்று சொன்னது யார்? அவளுக்கு உட்கார உரிமை இருந்தால் என் பிள்ளைக்கு விளையாட உரிமை இல்லையா? வெயில் ஏறியது. தார் சூடு. மாரிக்கண்ணு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் முன்னால் மண்ணைக் கூட்டிக் கூட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவள் முதுகில் கை ஊன்றி எழுந்தாள். அவள் முதுகு அப்போது மட்டும் ஒரு மாதிரி அசைந்தது.

கடைசியில் ஆ சோங் சைக்கிளில் வந்தான். பார்த்தான். பிள்ளையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மிட்டாய் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் ஏதாவது சொல்லியிருப்பார்கள், ஒரு கெட்ட வார்த்தையாவது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். அன்றைக்கும் வேலைக்குத்தான் போனாள். அவர்கள் அப்படி.

அந்த வாரமே கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் வலி. ஒன்றுக்கு வந்தால் ஒன்பதுக்கு வரும், சிவந்து, பீளை கட்டி, காலையில் திறக்க முடியாமல். மாரிக்கண்ணுக்கும் வந்தது. நான் ஆ சோங் கடைக்குப் போனேன்.

"அவகிட்டச் சொல்லிடு. பிள்ள மூஞ்சியப் பாத்துடுச்சு. கண்ணு போச்சுன்னு சொல்லு."

"ஆயா, கண்ணு வலி எல்லாப் பிள்ளைக்கும்தான் வந்திருக்கு. என் மவனுக்கும் வந்திருக்கு."

"ஒன் மவனுக்கு யாரும் சத்தியம் பண்ணல. என் பிள்ளைக்குப் பண்ணியிருக்கு. சொல்லப் போறியா, நான் கெழவிகிட்டப் போய்ச் சொல்லவா?"

கிழவியிடம் போனால் அவளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள். அதனால் சொன்னான். எப்படிச் சொன்னானோ தெரியாது. சொல்லிவிட்டு வந்து எனக்குச் சீனியை நிறுத்துக் கட்டி மேசையில் வைத்தான், என் கையில் கொடுக்கவில்லை.

அதோடு நின்றுவிட்டாள். ஒருநாள்கூட வரவில்லை. ஆற்றுக்கே வேறு வழியில் போனாள் என்று கேள்வி. எனக்கு மூச்சு வந்தது.

மாரிக்கண்ணுக்குக் கண் சரியானதைச் சொல்லி அனுப்பினேனா என்றா கேட்கிறீர்கள்? இல்லை. அவள் கேட்டு அனுப்பவில்லையே. ஆ சோங் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தானோ, என்னவோ. கிழவிக்குப் பயந்து அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை.

பிள்ளை நன்றாக வளர்ந்தாள். சட்டை தைக்கிற பேக்டரியில் வேலை. நம் பிள்ளைகள்போலத் தாவணி, பூ, பொட்டு. பெற்றவள் பிரசவத்தில் செத்துவிட்டாள் என்றுதான் அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் அதுதான் தெரியும். எதற்குத் தெரிய வேண்டும்? கிள்ளானில் அவளோடுதான் இருக்கிறேன். மருமகன் தங்கம். எனக்கு அவள் ஒரு குறை வைப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் வந்து பார்க்க வேண்டும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். ஆ சோங் வந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யூன் மோய் போகப் போறா ஆயா. வயித்துல கட்டி. பிள்ள கொரல ஒரு தடவ கேக்கணும்னு சொல்றா. கொரல மட்டுந்தான்."

என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "கூட்டிக்கிட்டுப் போ" என்றார். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தச் சத்தியத்த எடுத்துடுங்க ஆயா" என்றான் ஆ சோங். "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் போயி அவகிட்டச் சொல்லிடறேன். சாகுறதுக்கு முன்னாடி நேரா ஒருக்காப் பாத்துக்கட்டும்."

"சாமி முன்னால பண்ணுனது. நான் எடுக்க முடியுமா?"

"நீங்கதான வச்சீங்க."

"வச்சது நான். வாங்கிக்கிட்டது அம்மன்."

அவன் சைக்கிளைத் திருப்பினான். பிறகு, "சரி, கொரலாவது" என்றான்.

எனக்கு இரக்கம் இல்லை என்று ஒருவரும் சொல்லக் கூடாது. கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு காலத்தில் காய்கறி கொடுத்த சீனத்தி, சாகக் கிடக்கிறாள், பார்த்துவிட்டு வரலாம் என்று மாரிக்கண்ணிடம் சொன்னேன். "பாவம்மா, வெறுங்கையோட போகக் கூடாது" என்று அவள்தான் ஆரஞ்சு வாங்கினாள்.

கம்போங் பாருவில் தகரக் கூரை வீடு. முன்கூடத்தில் பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். கிழவி எப்போதோ போய்விட்டாள். மகன் ஒருவன் இருந்தான், மாரிக்கண்ணுக்கு மூத்தவன். அவன் மாரிக்கண்ணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நான் அவனையே பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தாய் சொல்லி வைத்திருப்பாள்.

மாரிக்கண்ணு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாரும்மா இவுங்க பேரு?" என்று கேட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் பலகையில் கிடந்தவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்து தண்ணீர் குடிக்கத் தெம்பு இல்லாதவள் என்று சொன்னார்கள். எவ்வளவு வேகமாக மூடினாள் தெரியுமா. நான் முகத்தைப் பார்க்கலாம் என்று இருந்தேன், வயதாகி எப்படி ஆகிவிட்டது என்று. எனக்கும் முகம் தெரியவில்லை.

"பயப்படுறாங்களா?" என்றாள் மாரிக்கண்ணு. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலாயில் பேச்சுக் கொடுத்தாள். பயப்படாதீங்க, நான் ஆயா மகள், உடம்பு எப்படி இருக்கிறது என்று.

போர்வைக்குள்ளிருந்து ஹக்காவில் ஏதோ கேட்டாள். ஒரே கேள்விதான். மகன் மலாயில் திருப்பிச் சொன்னான். "உங்களுக்குக் கண் தெரிகிறதா என்று கேட்கிறார்."

மாரிக்கண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என் கண்ணுக்கு என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல. சாகப் போறவ ஏதோ ஒளர்றா."

"நல்லாத் தெரியுதுங்க" என்று மாரிக்கண்ணு சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னாள். "ஊசியில நூலு கோக்கிறதுக்குப் பேக்டரியில எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவாங்க." மகன் அதைச் சொன்னான். போர்வை ஏறி ஏறி இறங்கியது. மறுபடி ஏதோ சொன்னாள். இன்னும் பேசச் சொல்கிறார் என்றான் மகன்.

இவளுக்கு வாய்தான் ஓயாதே. மாப்பிள்ளை எப்படி, கல்யாணச் சேலை என்ன நிறம், பேக்டரியில் யார் யாரோடு சண்டை, எல்லாவற்றையும் அந்தப் போர்வையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் பாதிக்குமேல் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டான். போர்வைக்குள் இருந்தவள் மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. வாய் இருக்கிற இடத்தில் போர்வை ஈரமாகியிருந்தது.

போர்வைக்குக் கீழேயிருந்து ஒரு கை வந்தது. பலகையைத் தடவிக்கொண்டே வந்தது. மாரிக்கண்ணு அதைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தொடக் கூடாது என்று நான் சத்தியம் வாங்கவில்லையே, அதில் எல்லாம் நான் நியாயமானவள். இன்னொரு கை போர்வை விளிம்பை விடவே இல்லை. விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

வாசலில் நின்றுகொண்டிருந்த ஆ சோங் மெதுவாகச் சொன்னான். "இப்பவாவது ஆயா. ஒரே ஒரு வார்த்த."

"பஸ்ஸு போயிடும்" என்றேன்.

பிள்ளையை எழுப்பிக்கொண்டு வெளியே வந்தேன். பின்கட்டில் குழாய் இருந்தது. கையைக் கழுவச் சொன்னேன்.

"எதுக்கும்மா?"

"நோயாளி கையப் புடிச்சிருக்க."

வயிற்றில் வந்த கட்டி ஒட்டாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் கழுவினால் என்ன குறைந்துவிடும். அந்த மகன்தான் சோப்பு கொண்டுவந்து கொடுத்தான், கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றான். மாரிக்கண்ணு என் பேச்சைத் தட்டுகிறவள் இல்லை. அன்றைக்கும் தட்டவில்லை. விரல் இடுக்கு, நகம், முழங்கை வரைக்கும், நான் போதும் என்று சொல்கிறவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.